அழுத்தம் என்னும் சொல்

நம் சங்கத்து ஆண்டு மலரில் மூவேந்தர் கொடையையும் முத்தமிழ்ச் சிறப்பையும் எழுதுதற்குப் புலமை மிக்க அன்பர் பலர் உளர். நாமோ பத்தாம் வகுப்புத் தேர்வோடு ஏட்டைக் கட்டி வைத்துவிட்டுப் பாலக்காட்டில் இருப்புப்பாதை அலுவலக மேசையொன்றில் கோப்புகளோடு காலம் கழிப்பவர்கள். இம்முறை நீரும் ஒரு கட்டுரை தந்தே தீரவேண்டும் என்று செயலாளர் அழுத்தம் கொடுத்தபோது, அவர் கொடுத்த அவ்வழுத்தத்தையே பொருளாகக் கொண்டால் என்ன என்று தோன்றிற்று. எடுத்துக்கொண்டதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதில் நமது பிழையொன்று அடங்கியுள்ளமையால் அதனைப் பின்னர்க் கூறுவோம்.

முதற்கண் இலக்கணம். தமிழில் அழுந்து என்பது தன்வினை; அழுத்து என்பது பிறவினை. வருந்து, வருத்து, திருந்து, திருத்து, பொருந்து, பொருத்து, அமுங்கு, அமுக்கு, நெருங்கு, நெருக்கு, அடங்கு, அடக்கு, முடங்கு, முடக்கு என இவ்வரிசை நீண்டு செல்லும். தனக்கு நேர்வதைச் சொல்லுங்கால் மெல்லின மெய் நிற்கின்றது. பிறர்க்குச் செய்வதைச் சொல்லுங்கால் அவ்விடத்தில் வல்லினம் வந்து அமர்கின்றது. கால்டுவெல் பாதிரியார் 1856ஆம் ஆண்டு வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் இவ்வியல்பை எடுத்து விளக்கியுள்ளார். வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் இதன் நயம் புலனாகும். ‘அழுந்து’ எனும்போது மூச்சு மூக்கின் வழியே மெல்ல இறங்குகின்றது. ‘அழுத்து’ எனும்போது நா பல்லை முட்டி நிற்கின்றது. அழுத்தம் என்பதன் பொருளை அறியாத ஒருவனுக்கு அச்சொல்லை ஒலித்துக் காட்டினாலே பாதி விளங்கிவிடும்.

இதில் ஒன்று கருதத்தக்கது. அழுத்தம் என்ற பெயர்ச்சொல் அழுத்துவோன் பக்கத்திலிருந்து பிறந்தது. அழுந்துவோன் பக்கத்துக்கு ‘அழுந்தல்’ என்ற சொல் உண்டெனினும், அது நூலோடு நின்றுவிட்டது. அழுந்துகின்றவனும் தன் நிலையைச் சொல்ல அழுத்துகின்றவனின் சொல்லையே கடன் வாங்கவேண்டியவனாயிருக்கிறான்.

பண்டை நூல்களில் அழுந்துதல் என்பது ஆழ்தல், புதைதல், மூழ்குதல் என்னும் பொருள்களில் பயின்றுவரும். பொன்னிலே மணியைப் பதித்தலையும் அழுத்துதல் என்றனர். மயிலாடுதுறைக்கு அணித்தே தேரழுந்தூர் என்று ஓர் ஊர் உண்டு. கம்பர் பிறந்த ஊர் எனப் போற்றப்படுவது அதுவே. வானில் சென்ற தேரொன்று நிலத்தில் அழுந்தியமையால் அப்பெயர் வந்தது என்பது தலபுராணம். சங்க காலத்திலேயே அழுந்தூர் என்ற பெயர் வழங்கியிருக்க, தேர் அதன் முன்னே பின்னாளில் வந்து சேர்ந்திருக்கவேண்டும் என்பது நம் எளிய அறிவுக்குத் தோன்றுகிறது. புராணம் எதுவாயினும் சேற்றில் கால் புதையும் காவிரிச் சமவெளியில் அழுந்தூர் என்று ஓர் ஊர்ப்பெயர் எழுந்ததில் வியப்பில்லை.

இனி நாட்டு வழக்கு. உள்ளத்தில் உள்ளதை வெளிவிடாதவனை ‘ஆள் அழுத்தக்காரன்’ என்கிறோம். கைப்பொருளை வெளிவிடாதவனையும் அழுத்தக்காரன் என்றே கூறுகிறோம். இருவரும் எதையோ உள்ளே அமுக்கி வைத்திருப்பவர்களே. கொடுமைக்கும் துணிவுக்கும் நடுவே நிற்கும் ஒரு குணத்துக்கு ‘நெஞ்சழுத்தம்’ என்று பெயர். சாயம் ஆழ்ந்து பிடித்த சேலை அழுத்தமான பச்சை. ஐயத்துக்கு இடமின்றிப் பேசுபவர் அழுத்தம் திருத்தமாகப் பேசுகிறார். பள்ளிக்குப் புறப்படும் சிறுமியிடம் தாய், ‘எண்ணெய் தடவி அழுத்தி வாரு’ என்கிறாள். இவற்றுள் ஒன்றையேனும் ‘பிரஷர்’ என்ற சொல்லால் சொல்லிப் பாருங்கள், இயலாது. ‘அழுத்தம் கொடுத்தல்’ என்னும் நாளிதழ் வழக்கு ஒன்றே ஆங்கிலத்தின் நிழல் படிந்தது. முன்னோர் அதனை வற்புறுத்தல் என்றும் நெருக்குதல் என்றும் சொல்லிவந்தனர். மேலே நாமே அவ்வழக்கைக் கையாண்டுவிட்டோம், பொறுத்தருள்க.

இசைவாணரும் இச்சொல்லைத் தமக்கென எடுத்துக்கொண்டனர். பாலக்காட்டுச் சீமையில் செம்பை என்ற சிற்றூரிலே 1896ஆம் ஆண்டு பிறந்த வைத்தியநாத பாகவதரின் கணீரென்ற குரலை நினைப்பார்க்கு ‘அழுத்தமான பாட்டு’ என்பதற்கு வேறு விளக்கம் வேண்டா. 1912இல் பிறந்த பாலக்காடு மணி ஐயர் மிருதங்கத்தின் இடந்தலையில் கையை வைத்து அழுத்தி நகர்த்த, அத்தோல் குமுறும். கும்கி என்று அதனைச் சொல்வர். வலக்கை தட்டுகின்றது, இடக்கை அழுத்துகின்றது. தட்டுவதை யாரும் கற்கலாம், அழுத்துவதே வித்தை என்று நமக்கு அறிமுகமான மிருதங்கக்காரர் ஒருவர் சொல்லுவார்.

அலுவலகத்துக்கும் இதில் பங்குண்டு. நாம் பணியிற் சேர்ந்த புதிதில் பற்றுச்சீட்டுப் புத்தகத்தில் கரித்தாள் வைத்து மூன்று படி எழுதவேண்டும். மேலதிகாரி நமக்குக் கற்பித்த முதற்பாடம், ‘அழுத்தி எழுதுமய்யா, மூன்றாம் படியிலும் விழவேண்டும்’ என்பதே. இன்று விசைப்பலகையை விரல் நுனியால் தொட்டாலே போதும். ஆயினும் நமது பேனா இன்றுவரை தாளைக் கிழிக்கிறது.

காற்றுக்கு எடையுண்டு, அது நம்மை அழுத்துகின்றது என்பதை 1643ஆம் ஆண்டு இத்தாலிய நாட்டு டாரிசெல்லி பாதரசக் குழாயினால் மெய்ப்பித்தார். கடல் மட்டத்தில் காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 760 மில்லிமீட்டர் உயரப் பாதரசத்தைத் தாங்கும். 1648இல் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கலின் ஏற்பாட்டால் அவர் மைத்துனர் அக்கருவியை மலைமேல் தூக்கிச் சென்று, உயரம் கூடக் கூட அழுத்தம் குறைதலைக் கண்டார். மூணாற்றுப் பக்கத்து எஸ்டேட்டில் அரிசி களையும் பெண்மணி பாஸ்கலின் பெயரைக் கேட்டிராவிடினும் அவர் கண்டதை நாள்தோறும் காண்கிறாள். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் நீர் 95 பாகை வெப்பத்திலேயே கொதித்துவிடும். கொதிக்கும், ஆனால் பருப்பு வேகாது. பிரஷர் குக்கர் வந்த பின்னரே மலைமேல் அடுப்புக்கு விடிவு பிறந்தது. மூடிய கலத்தில் நீராவியை அடைத்து வெப்பத்தை உயர்த்தும் அந்த உத்தியைத் தெனி பாப்பன் என்பவர் 1679ஆம் ஆண்டிலேயே கண்டறிந்திருந்தார். அது நம் லயத்து அடுப்புக்கு வந்து சேர மூன்று நூற்றாண்டு பிடித்தது.

அறிவியலைத் தமிழிற் சொல்லத் தொடங்கியபோது இச்சொல்லுக்குப் புதுவாழ்வு வந்தது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் கிறீன் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் தமிழ் மாணாக்கர்க்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து நூல்களும் செய்வித்தார். 1916ஆம் ஆண்டு சேலத்தில் இராஜாஜியும் வெங்கடசுப்பையரும் அறிவியற் சொற்களைத் தமிழில் ஆக்குதற்கென ஓர் அமைப்பை நிறுவினர். தூரன் அவர்களின் பொறுப்பில் கலைக்களஞ்சியத்தின் 10 தொகுதிகள் 1954 முதல் 1968 வரை வெளிவந்தன. இவ்வாறு பலர் கைபட்டு இரத்த அழுத்தம், மின்னழுத்தம், காற்றழுத்தம் என்ற சொற்கள் இன்று பள்ளிப் பிள்ளைகள் வாயில் எளிதாகப் புழங்குகின்றன. இலங்கைத் தமிழர் வேறு வழி சென்றனர். அவர்க்கு அது ‘அமுக்கம்’. இரத்த அழுத்தம் அங்கே குருதி அமுக்கம். நமது வானொலி காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் என்று மூச்சு வாங்கச் சொல்வதை அவர்கள் ‘தாழமுக்கம்’ என ஒரே சொல்லில் முடித்துவிடுகின்றனர். இதில் அவர்களே வென்றனர் என்பது நம் கருத்து.

நாம் வாழும் நாட்டு மொழியில் நிலைமை வேறு. மலையாளத்தில் அழுத்தத்துக்கு ‘மர்த்தம்’ என்றும் ‘சம்மர்த்தம்’ என்றும் வடசொல்லே ஏட்டில் ஏறியது. காளிங்க மர்த்தனம் என்று நாம் சொல்லும் அதே வேர்தான். ஆனால் வீட்டிலும் தெருவிலும் அவர்கள் வழங்கும் சொற்கள் நம் பாட்டன் சொற்களே. அமுக்குக, அமர்த்துக, ஞெக்குக என்பர். பணமுடைக்கு ஞெருக்கம் என்பர். நம் நெருக்கடியின் உடன்பிறப்பு அது. ஞகரத்தை நாம் நழுவவிட, அவர்கள் பேணி வைத்திருக்கின்றனர். ஏட்டில் பிரிந்த மொழிகள் அடுக்களையில் இன்னும் ஒரே அம்மியில் அரைக்கின்றன.

இனி நம் நிலத்தைப் பார்ப்போம். மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் ஏறத்தாழ 30 முதல் 40 கிலோமீட்டர் அகலமுள்ள பெருவாயில். அழுத்தம் மிக்க இடத்திலிருந்து குறைந்த இடத்தை நாடி ஓடுவதே காற்று. கோடையில் உள்நாடு காய்ந்து அங்கே காற்றழுத்தம் குறைய, கடற்காற்று இவ்வாயில் வழியே கொங்குநாட்டுக்குள் பாய்கின்றது. மார்கழி, தை மாதங்களில் கிழக்கிலிருந்து வரும் வறண்ட காற்று கஞ்சிக்கோட்டுக் காற்றாலைகளைச் சுழற்றி, நம் உதடுகளை வெடிக்கச் செய்கின்றது. இடுக்கி மாவட்டத்து இராமக்கல்மேட்டில் நின்றாலும் இக்கதையே. அங்கே குன்றின் விளிம்பில் நின்று கீழே பார்த்தால் கம்பம் பள்ளத்தாக்குத் தெரியும். காற்றுக்கு மாநில எல்லை என்று ஒன்று இருப்பதாகத் தெரியவில்லை.

அந்த எல்லை வந்த கதையைச் சுருங்கச் சொல்வோம். பாலக்காடு 1956 அக்டோபர் வரை சென்னை மாநிலத்து மலபார் மாவட்டத்தில் இருந்தது. சிற்றூர் முன்னர்க் கொச்சி அரசைச் சார்ந்தது. தேவிகுளமும் பீருமேடும் திருவிதாங்கூரைச் சார்ந்தவை. மார்ஷல் நேசமணி தலைமையில் திருவிதாங்கூர்த் தமிழர் நடத்திய போராட்டத்தில் 1954 ஆகஸ்டு 11ஆம் நாள் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. 1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தில் நின்றன. வீட்டை விட்டு ஓரடி பெயராமலே ஒரே இரவில் சிறுபான்மையர் ஆனவர் பல்லாயிரவர். கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையர் அரசோடு தம் மொழியிலேயே எழுத்துப் போக்குவரத்து நடத்த இடந்தந்துள்ளது. இவ்வுரிமையைப் பயன்படுத்துவோர் சிலரே. அலுவலகத்தில் பணிபுரியும் நாமே நம் வீட்டு விண்ணப்பங்களை ஆங்கிலத்தில் எழுதுகிறோம் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

நமக்குச் சோறு போடும் புகைவண்டியைப் பற்றிச் சிறிது விரித்துரைக்க அன்பர்கள் இசைவு தருக. சென்னையிலிருந்து இக்கணவாய் வழியே மேலைக் கடற்கரைப் பேப்பூர் வரை இருப்புப்பாதை 1862ஆம் ஆண்டு நிறைவெய்தியது. அந்நாள் முதல் நூறாண்டுக்கு மேலாக வாளையாற்றுக் காட்டினூடே வண்டியை இழுத்தது நீராவியின் அழுத்தமே. இன்று அதனைக் கண்ணாற் காணவேண்டுமாயின் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் நீலகிரி மலைவண்டிக்குச் செல்லவேண்டும். 1899இல் குன்னூர் வரை திறக்கப்பட்ட அப்பாதை, 2007இல் சேலம் கோட்டம் பிரியும்வரை நம் பாலக்காட்டுக் கோட்டத்தைச் சார்ந்திருந்தது. அதன் நீராவிப் பொறியில் ஒரு நுட்பம் உண்டு. மிகுந்த அழுத்தமுள்ள நீராவி முதலில் கீழ் உருளைகளில் புகுந்து சாதாரணச் சக்கரத்தை ஓட்டுகின்றது. அங்கே வேலை செய்து களைத்து அழுத்தம் குறைந்த அதே நீராவி மேல் உருளைகளுக்குச் சென்று பற்சக்கரத்தைச் சுழற்றுகின்றது. ஓய்வு பெற்றவனுக்கும் ஒரு வேலை வைத்திருக்கும் பொறி அது!

ஓட்டுவதினும் நிறுத்துவதே அரிது. முன்னாளில் இருந்தது வேக்குவம் பிரேக். தொடர் முழுதும் ஓடும் குழாயிலுள்ள காற்றை உறிஞ்சி வெளியேற்றினால் தடை விலகும். குழாய்க்குள் காற்று புகுந்தால் தடை பிடிக்கும். பிடிப்பது உலகின்மேற் கவிந்துள்ள காற்றின் அழுத்தமேயன்றி வேறன்று. டாரிசெல்லி கண்டதை வைத்தே பல்லாண்டுகள் நம் வண்டிகள் நின்றன. பின்னர்ப் படிப்படியாக ஏர் பிரேக் வந்தது. வெஸ்டிங்ஹவுஸ் என்னும் அமெரிக்கர் 1869இல் காற்றுத் தடைக்கு உரிமம் பெற்று, 1872இல் தானே இயங்கும் வகையில் அதனைத் திருத்தினார். இதில் குழாய் நிறையச் சதுர செண்டிமீட்டருக்கு 5 கிலோகிராம் அழுத்தத்தில் காற்று நிற்கும். அவ்வழுத்தம் உள்ளவரை தடைக்கட்டை சக்கரத்தைத் தொடாது. ஓட்டுநர் காற்றை வெளியேற்றினும், பயணி சங்கிலியை இழுப்பினும், இணைப்பு அறுந்து பெட்டிகள் பிரியினும் அழுத்தம் விழும். விழுந்தவுடன் ஒவ்வொரு பெட்டியின் அடியிலும் தனியே சேமித்து வைத்த காற்று பாய்ந்து கட்டையைச் சக்கரத்தோடு அழுத்தும். அதாவது, அழுத்தம் இருந்தால் வண்டி ஓடும். அழுத்தம் போனால் வண்டி நிற்கும். வண்டி புறப்படுமுன் ஓட்டுநரும் கார்டும் அழுத்தமானியைப் பார்த்துப் பிரேக் பவர் சான்றிதழில் கையொப்பமிடுவர். (2022 முதல் கார்டுக்கு டிரெயின் மேனேஜர் என்று பெயர்; நமது வாய் இன்னும் பழகவில்லை.) அச்சான்றிதழ்களின் படிகளைக் கோத்து வைப்பது நமது பணிகளுள் ஒன்று.

மலைக்குச் சென்றால் அழுத்தம் காற்றிலிருந்து நீருக்கு மாறுகின்றது. 100 அடி ஆழத்தில் தேங்கிய நீர் தன் அடியில் சதுர செண்டிமீட்டருக்கு ஏறத்தாழ 3 கிலோகிராம் அழுத்தும். நமது ஏர் பிரேக் குழாயினும் குறைவே என்று இதனை எளிதாக எண்ணற்க. குழாய் விரற்கடை அகலம். அணையோ மலைக்கு மலை நிற்பது. பென்னிகுவிக் 1887 முதல் 1895 வரை கட்டிய பெரியாற்று அணை எடை அணை வகையைச் சார்ந்தது. சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்த்துக் கட்டிய கல்லின் பாரமே நீரின் தள்ளுதலை எதிர்க்கின்றது. அடித்தளத்தின் கீழே கசியும் நீர் அணையை மேல்நோக்கித் தூக்க முயலும். அதனையும் அப்பாரமே அடக்கவேண்டும். 1976 பிப்ரவரி 12ஆம் நாள் பிரதமர் இந்திரா காந்தி தொடங்கிவைத்த திட்டத்துக்குரிய இடுக்கி அணையோ வேறு வகை. இந்தியாவின் முதல் வில்லணை எனப்படும் அது 169 மீட்டர் உயரமுள்ளது. குறவன் மலைக்கும் குறத்தி மலைக்கும் இடையே வளைந்து நின்று, நீரின் அழுத்தத்தைத் தான் சுமவாது இருபுறத்து மலைகளின் தோளுக்கு மாற்றிவிடுகின்றது. ஒன்று தாங்குகின்றது, மற்றொன்று பகிர்கின்றது. இம்மலைகளிடையே நீர் தேக்குதற்குரிய இடத்தைக் காட்டிக்கொடுத்தவர் கொலும்பன் என்னும் பழங்குடி முதியவர் என்பதையும் மறத்தலாகாது.

பெரியாற்று நீரைப் பற்றி 1886 அக்டோபர் 29ஆம் நாள் 999 ஆண்டுக்கு எழுதப்பட்ட உடன்படிக்கையும், 2014 மே 7ஆம் நாள் உச்ச நீதிமன்றம் 142 அடிவரை நீர் தேக்க இசைந்ததும் அனைவரும் அறிந்தவை. வழக்காடுதல் இம்மலருக்கு ஏற்றதன்று. ஒன்று மட்டும் சொல்வோம். அணைக்குக் கீழே வண்டிப்பெரியாற்றில் நம் சின்னம்மா குடியிருந்தார். சுரங்கத்துக்கு அப்பால் கம்பத்தில் அவருடைய தமையனார் அதே நீரில் நெல் விளைவித்தார். 2011 டிசம்பரில் இருபுறமும் பதற்றம் மூண்டு குமுளி வழி முடங்கியபோது, அவர் இரவெல்லாம் விழித்திருந்தார். அணை உடைந்துவிடும் என்ற அச்சம் ஒரு பக்கம். நீர் நின்றுவிடும் என்ற அச்சம் ஒரு பக்கம். இவ்விரண்டு அச்சமும் ஒரே நெஞ்சில் குடியிருக்கக்கூடும் என்பதை இரு மாநிலத்துச் செய்தித்தாள்களிலும் நாம் படித்ததில்லை.

எஸ்டேட்டு மக்கள் அழுந்தியே பழகியவர்கள். கங்காணியின் முன்பணத்துக்குக் கட்டுண்டு கம்பம், போடிக் கணவாய்களின் வழியே மலையேறியவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். 2015 செப்டம்பரில் மூணாற்றுப் பெண்கள் தம் தொழிற்சங்கத் தலைவர்களையும் விலக்கிவிட்டு ஒன்பது நாள் சாலையில் அமர்ந்து 20 விழுக்காடு போனஸ் பெற்றனர். ‘பொம்பிளை ஒருமை’ என்று தாம் பேசும் தமிழிலேயே தமக்குப் பெயரிட்டுக்கொண்டனர். மெல்லினம் வல்லினமாக மாறிய நாட்கள் அவை.

2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு இராஜமலைக்கு அண்மையில் பெட்டிமுடியில் நேர்ந்ததையும் சொல்லாமல் இக்கட்டுரையை முடித்தல் இயலாது. நாட்கணக்கில் பெய்த பெருமழையால் மலைச்சரிவு தண்ணீரைக் குடித்து ஊறியது. மண்துகள்களுக்கிடையே நிறைந்த நீரின் அழுத்தம் ஏறியபோது, துகளைத் துகள் பற்றிநின்ற பிடி தளர்ந்து, மேலிருந்த நிலம் முழுதும் வழுக்கி லயங்களின்மேல் விழுந்தது. 70 உயிர்கள் போயின. தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாற்றுப் பக்கத்தை வேராகக் கொண்ட குடும்பங்கள் பல. அவ்விடத்து அழுத்தத்தை அளந்து சொல்லக் கருவியொன்றும் அச்சரிவில் இருக்கவில்லை. புகைவண்டியின் ஒவ்வொரு தொடருக்கும் ஓர் அழுத்தமானி உண்டு என்று மேலே எழுதினோம்.

இனி நமது பிழைக்கு வருவோம். 2013ஆம் ஆண்டு, மேற்சொன்ன சின்னம்மா நம் வீட்டுக்கு வந்திருந்தார். விடியற்காலையில் எழுப்பி, ‘ஐயா, நெஞ்ச அழுத்துதுய்யா. கல்லத் தூக்கி வச்ச மாதிரி இருக்குய்யா’ என்றார். ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்கு ஓடினோம். சீட்டு எழுதும் சாளரத்தில், ‘என்ன அசுகம்?’ என்று மலையாளத்தில் வினவினர். சின்னம்மா வாய் திறக்குமுன் அலுவலக ஆங்கிலத்தில் பழகிய நாம் முந்திக்கொண்டு ‘பிரஷர்’ என்று விடையிறுத்தோம். அழுத்தம் என்பதற்கு ஆங்கிலம் அதுதானே! சாளரத்தில் இருந்தவர்மேல் குற்றமில்லை. நாம் சொன்னதையே எழுதினார். சின்னம்மா இரத்த அழுத்தம் பார்க்கும் வரிசையில் இருபத்தேழாவது ஆளாக அமர்த்தப்பட்டார். ஒரு மணி நேரத்துக்குப் பின் அளந்தபோது எண் ஏறக்குறைய இயல்பாகவே இருந்தது. அஞ்சவேண்டியதில்லை, வெளியே சற்று இருங்கள் என்றனர். நாமும் மகிழ்ந்து தேநீர் வாங்கச் சென்றோம்.

அவ்வழியே வந்த செவிலி ஒருவர் தேனிப் பக்கத்தவர். பெஞ்சியில் வியர்த்துக் கிடந்த அம்மூதாட்டியைத் தமிழில் விசாரித்திருக்கிறார். ‘எங்கம்மா அழுத்துது? கைக்கு எறங்குதா? தாடைக்கு ஏறுதா?’ சின்னம்மா இடத்தோளைத் தொட்டுக் காட்டினாராம். நாம் தேநீரோடு திரும்பியபோது பெஞ்சி வெறுமையாக இருந்தது. தள்ளுநாற்காலியில் கொண்டுசென்று இருதய மின்வரைபடம் எடுத்துச் சிகிச்சை தொடங்கியிருந்தனர். மாரடைப்பு. இன்னும் சிறிது பிந்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை மருத்துவர் சொன்னார். நாம் எழுத விரும்பவில்லை. சின்னம்மா அதன்பின் ஆறு ஆண்டுகள் வாழ்ந்தார். ‘நம்ம மகன் இங்கிலீசுல சொல்லிக் காப்பாத்துனான்’ என்று வண்டிப்பெரியாற்றில் பலரிடம் பெருமை பேசினாராம். திருத்த நமக்கு நெஞ்சழுத்தம் போதவில்லை.

நெஞ்சை அழுத்துகிறது என்பது வேறு. இரத்த அழுத்தம் என்பது வேறு. முன்னது நோயாளி உணர்வது. பின்னது கருவி அளப்பது. 1896இல் ரிவா ரோச்சி கைப்பட்டைக் கருவியையும், 1905இல் ருசிய மருத்துவர் கொரோட்கோவ் குழலை வைத்து ஒலி கேட்டு அளக்கும் முறையையும் தந்தனர். இரத்த அழுத்தம் மிகுந்தவர் பலர் அதனை உணர்வதேயில்லை. ஆகவேதான் அதனை அளந்து பார்க்கவேண்டியுள்ளது. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் அமைந்துவிட்டது. நமது அறியாமை அதன்மேல் ஆங்கிலச் சாயம் பூசியது. இத்தகைய மயக்கம் ‘மன அழுத்தம்’ என்ற சொல்லிலும் உண்டு. வேலைச்சுமையால் வரும் இறுக்கத்தையும், எதிலும் நாட்டமற்றுச் சோர்ந்து கிடக்கும் நோயையும் அச்சொல்லாலேயே குறிக்கின்றனர். பின்னதை மனச்சோர்வு என்று பிரித்து வழங்குதலே நன்று. விடுமுறை எடுத்தால் தீர்வது ஒன்று. மருத்துவரிடம் செல்லவேண்டுவது மற்றொன்று.

அந்நாள் முதல் உடல் உணர்வுகளைக் குறிக்கும் சொற்களைத் தமிழிலும் மலையாளத்திலும் எதிரெதிரே எழுதி வைக்கத் தொடங்கினோம். நமக்கு மூச்சுத்திணறல் என்பது அவர்க்குச் சுவாசம்முட்டல். தலைச்சுற்றல் தலகறக்கம். மரத்துப்போதல் மரவிப்பு. நெஞ்சழுத்துவதற்குச் சம்மர்த்தம் என்று சொல்லற்க. நெஞ்சில் பாரம் என்க, கையால் இடத்தைத் தொட்டும் காட்டுக. இதுவரை அறுபத்துமூன்று சொற்கள் சேர்ந்துள்ளன. மலையாளப் பகுதியை அண்டை வீட்டு ஆசிரியை ஒருவர் பார்த்துத் திருத்தித் தந்தார். இரண்டு பக்கத்தில் அடங்கும்படி அச்சிட்டுள்ளோம். ஆண்டு விழா நாளன்று வாயிலில் சந்தனக் கிண்ணத்துக்கு அருகே வைத்திருப்போம், விலையில்லை. எஸ்டேட்டுப் பக்கம் உறவினர் உள்ள அன்பர்கள் இரண்டு படி எடுத்துச் செல்லலாம்.